அந்த நாலு பேர் யார்? சொந்த ரசனையை நம்புவது பற்றி ஓர் எளிய விளக்கம்

படம் முடிந்து அரங்கில் விளக்கு எரிகிறது. கூட வந்தவர் நம் பக்கம் திரும்பி, “எப்படி இருந்துச்சு?” என்று கேட்கிறார். பதில் சொல்வதற்கு முன் ஒரு நொடி அவர் முகத்தைப் பார்க்கிறோம். மலர்ந்திருந்தால் “சூப்பர்” என்கிறோம். சுருங்கியிருந்தால் “சுமார்தான்” என்கிறோம். பல வருடங்கள் நான் இப்படித்தான் பதில் சொல்லிவந்தேன், சொல்கிறேன் என்பதே தெரியாமல். ஒருநாள் நெருங்கிய நண்பரிடம் ஒரு படத்தைப் பற்றிக் குறையாகப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தேன். இரவு படுத்தபின் அதே படத்தின் ஒரு காட்சி நினைவுக்கு வந்து அழுதேன். அன்றுதான் உறைத்தது, நண்பரிடம் நான் சொன்ன கருத்து என்னுடையதே இல்லை என்று.

“உன் ரசனையை நம்பு” என்று சொல்லாதவர் இல்லை. ஆனால் அதைக் கேட்கிறவர்கள் ஆளுக்கொரு பொருள் கொள்கிறார்கள். ஊருக்குப் பிடித்ததையெல்லாம் வெறுப்பதுதான் தனி ரசனை என்று சிலர் நினைக்கிறார்கள். தன் விருப்பமே கடைசித் தீர்ப்பு என்று சிலர் அடம்பிடிக்கிறார்கள். கூட்டம் என்றாலே ஆட்டு மந்தைதான் என்று முடிவுகட்டிவிட்டவர்களும் உண்டு. மூன்றுமே தவறு என்பது என் உறுதியான எண்ணம். ஏன் தவறு என்று புரிய வேண்டுமானால், பிறர் கருத்து நமக்குள் எந்த வழியாக நுழைகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

‘பிடிக்கிறது’ என்ற சொல்

தமிழில் “நான் பிடிக்கிறேன்” என்றால் கையால் எதையோ பிடிப்பதாகத்தான் பொருள். விருப்பத்தைச் சொல்லும்போது “எனக்குப் பிடிக்கிறது” என்கிறோம். பசிக்கிறது, வலிக்கிறது, குளிர்கிறது என்பவற்றோடு சேர்ந்த சொல் இது. எல்லாவற்றிலும் ‘எனக்கு’ என்றுதான் வரும். அவை நாம் செய்கிற செயல்கள் இல்லை, நமக்கு நேர்கிறவை. “எனக்குக் குளிர்கிறது” என்பவரிடம் “பக்கத்தில் யாருக்கும் குளிரவில்லையே, உங்களுக்கு மட்டும் எப்படி?” என்று யாரும் வாதாடுவதில்லை. போர்வையைத்தான் எடுத்துக் கொடுக்கிறோம்.

“இது நல்ல படைப்பு” என்ற வாக்கியம் வேறு வகை. அது நம்மைப் பற்றியது அன்று, அந்தப் பொருளைப் பற்றியது. செய்நேர்த்தி, புதுமை, ஆழம், இதற்கு முன் வந்தவற்றோடு அதற்கு இருக்கும் உறவு எல்லாம் அதில் அடங்கும். அதை வாதிக்கலாம், கற்றுக்கொள்ளலாம், தவறாகவும் சொல்லிவிடலாம். விவரம் தெரிந்தவர் பேச்சுக்கு அங்கே எடை அதிகம்.

இந்த இரண்டு வாக்கியங்களையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் சிக்கலின் பாதி இருக்கிறது. “மிக நேர்த்தியாகச் செய்யப்பட்டிருக்கிறது, ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை” என்பது முழு நேர்மையான வாக்கியம். “குறைகள் நிறைய, ஆனால் எனக்கு உயிர்” என்பதும் அப்படியே.

பழந்தமிழ் இலக்கணத்தில் மெய்ப்பாடு என்றொரு சொல் உண்டு. உள்ளத்தில் எழும் உணர்வு உடலில் தோன்றுவது என்பது அதன் பொருள். நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (சினம்), உவகை என்று அதை எட்டாக வகுத்திருக்கிறார்கள். ரசனையைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சொல் நினைவுக்கு வரும். கருத்து வாயில் உருவாவதற்கு முன்பே உடல் தன் பதிலைச் சொல்லிவிடுகிறது. மயிர்க்கூச்செறிகிறது, தொண்டை அடைக்கிறது, கை தானாக அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறது, அல்லது கொட்டாவி வருகிறது.

சொந்த ரசனையை நம்புவது என்றால் உடல் என்ற இந்தச் சாட்சியின் வாக்குமூலத்தை வேறொருவர் எழுதித் தர விடாமலிருப்பது. சாட்சியை நீதிபதி நாற்காலியில் உட்கார வைக்கச் சொல்லவில்லை. சாட்சி சாட்சியாகவே இருக்கட்டும். ஆனால் அதன் வாயில் பிறர் சொற்களைத் திணிக்க வேண்டாம்.

ஒற்றையடிப் பாதை

புல்வெளியின் குறுக்கே ஒற்றையடிப் பாதை எப்படி உருவாகிறது? முதலில் போனவர் ஏதோ ஒரு திசையில் போகிறார். புல் கொஞ்சம் மடங்குகிறது. அடுத்து வருபவருக்கு மடங்கிய புல்லில் நடப்பது எளிதாக இருக்கிறது, அவரும் அதன்மேல் நடக்கிறார். நூறு பேர் போனபின் செம்மண் தெரியும் பாதை வந்துவிடுகிறது. நூற்றொன்றாவது ஆள் அதைப் பார்த்து, “இத்தனை பேர் போயிருக்கிறார்களே, இதுதான் நல்ல வழி” என்று நினைக்கிறார். முதல் ஆள் செருப்பில் குத்திய முள்ளுக்காக ஒதுங்கிப் போயிருக்கலாம். அது இப்போது யாருக்கும் தெரியாது.

ரசனையிலும் இப்படி நடக்கிறதா என்று உண்மையிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த மாத்யூ சால்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகிய மூவர் 2006-ல் வெளியிட்ட ஆய்வு அது. எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் இதைவிடத் தெளிவான சோதனை இல்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெயர் தெரியாத இசைக்குழுக்களின் 48 பாடல்களை ஓர் இணையப் பக்கத்தில் வைத்தார்கள். 14,341 பேர் வந்தார்கள். கேட்கலாம், மதிப்பெண் போடலாம், பிடித்தால் இலவசமாகப் பதிவிறக்கிக்கொள்ளலாம். வந்தவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்குப் பாடலின் பெயரும் குழுவின் பெயரும் மட்டும் தெரியும். மற்றவர்கள் 8 தனித்தனி ‘உலகங்களுக்கு’ அனுப்பப்பட்டார்கள். அங்கே ஒவ்வொரு பாடலுக்கும் பக்கத்தில், அந்த உலகத்தில் இதுவரை எத்தனை பேர் அதைப் பதிவிறக்கினார்கள் என்ற எண் இருக்கும். ஓர் உலகத்தின் எண் இன்னோர் உலகத்துக்குத் தெரியாது. எட்டும் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கின.

ஒரு பாடலின் தகுதி மட்டுமே வெற்றியைத் தீர்மானிக்கும் என்றால், எட்டு உலகத்திலும் ஏறத்தாழ ஒரே பாடல்கள்தானே மேலே வர வேண்டும்? வரவில்லை. எண் தெரியாத கூட்டத்தில் 26-வது இடத்தில் இருந்த ஒரு பாடல், ஓர் உலகத்தில் முதலிடம் பிடித்தது. இன்னோர் உலகத்தில் அதே பாடல் 40-வது இடம். எண் தெரிந்த உலகங்களில் வென்ற பாடல்கள் மிகப் பெரிதாக வென்றன, தோற்றவை மிக மோசமாகத் தோற்றன. எது வெல்லும் என்பதை முன்கூட்டிச் சொல்வதும் கடினமாகிவிட்டது.

இந்தச் சோதனையைச் சொல்பவர்கள் பலர் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். அது நியாயமில்லை. இதே சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. தனியாகக் கேட்டவர்கள் மிகச் சிறந்தவை என்று தேர்ந்த பாடல்கள் எந்த உலகத்திலும் அடிமட்டத்துக்குப் போனது அரிது. மிக மோசமானவை உச்சிக்கு வந்ததும் அரிது. இடையில் இருந்த பெருங்கூட்டத்துக்குத்தான் எதுவும் நடக்கலாம் என்ற நிலை. புகழ் முழுப் பொய்யும் இல்லை, முழு மெய்யும் இல்லை. தகுதியும் தற்செயலும் கலந்து வந்த ஒன்று.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிக்கொள்வோம். பிடிப்பது நமக்கு நேர்வது, நல்லது என்பது பொருளைப் பற்றிய மதிப்பீடு. ஒன்று பரவலாகப் புகழ்பெற்றிருப்பது அதன் தகுதிக்குப் பலவீனமான ஓர் அறிகுறி மட்டுமே, ஏனென்றால் முதலில் வந்த சிலர் தற்செயலாகப் போன திசையும் அதில் கலந்திருக்கிறது.

இரண்டு பை, சில பந்துகள்

புல் மடங்குவது போல மனித மனமும் மடங்குவது ஏன்? மடமை என்று சொல்லிவிடுவது எளிது. உண்மை வேறு. மிகப் புத்திசாலியான ஆள்கூட, சரியாகக் கணக்குப் போட்டே கூட்டத்தின் பின்னால் போக முடியும். ஒரு விளையாட்டின் மூலம் இதைக் காட்டலாம்.

முதல் பையில் 2 சிவப்புப் பந்து, 1 நீலப் பந்து. இரண்டாவது பையில் 2 நீலம், 1 சிவப்பு. இவற்றில் எதையோ ஒன்றை நமக்குத் தெரியாமல் எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார்கள். ஒவ்வொருவராக வந்து கைவிட்டு ஒரு பந்தை எடுத்து, தான் மட்டும் பார்த்துவிட்டு, திரும்பப் போட்டுவிட வேண்டும். பிறகு இது எந்தப் பை என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். பார்த்த நிறத்தைச் சொல்லக் கூடாது.

முதலாமவருக்குச் சிவப்பு வருகிறது. “முதல் பை” என்கிறார். இரண்டாமவருக்கும் சிவப்பு, அவரும் “முதல் பை”. மூன்றாமவருக்கு நீலம் வருகிறது. அவர் யோசிக்கிறார்: “முன்னால் வந்த இருவரும் முதல் பை என்றார்கள். இருவருக்கும் சிவப்பு வந்திருக்க வேண்டும். அங்கே இரண்டு சிவப்பு, என் கையில் ஒரே ஒரு நீலம்.” கணக்குப்படி அவர் சொல்ல வேண்டியது “முதல் பை”. அதையே சொல்கிறார். நான்காமவருக்கும் இதே நிலைமை. ஐந்தாமவருக்கும். யாருக்கு எந்த நிறம் வந்தாலும் இனி எல்லாரும் “முதல் பை” என்றுதான் சொல்வார்கள்.

நூறாவது ஆள் வரும்போது 99 பேர் ஒரே குரலில் சொல்லியிருக்கிறார்கள். மலைபோன்ற சான்று! ஆனால் அதற்குள் இருப்பது இரண்டே பந்துகளின் செய்தி. மற்ற 97 பேரும் தங்கள் பந்தைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டார்கள். மேசைமேல் இருப்பது உண்மையில் இரண்டாவது பையாக இருந்தாலும், முதல் இருவருக்கும் சிவப்பே வருவதற்கு 9-ல் 1 வாய்ப்பு உண்டு. அது ஒன்றும் நடக்காத காரியம் இல்லை.

பொருளியலில் இதற்குத் தகவல் அருவி என்று பெயர் சொல்லலாம். தன் கையில் இருக்கும் சான்றை ஒதுக்கிவைத்துவிட்டு முன்னால் போனவர்கள் செய்ததையே ஒவ்வொருவரும் செய்யத் தொடங்கும் நிலை அது. 1992-ல் இந்தக் கருத்தை ஒரு குழுவும், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி தனியாகவும் எழுதினார்கள். பந்துகளை வைத்து ஆட்களைக் கொண்டு இதை நிகழ்த்திப் பார்த்ததும் உண்டு, அருவி உருவாகத்தான் செய்தது.

“நாலு பேர் என்ன சொல்வார்கள்” என்ற நம் பேச்சுவழக்கை இங்கே கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். அந்த நாலு பேரும் நான்கு பந்துகளைப் பார்த்தவர்களா, அல்லது ஒருவர் பந்தைப் பார்த்துச் சொன்னதை மூவர் திருப்பிச் சொன்னவர்களா? பெரும்பாலும் நாம் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. தலையை எண்ணுகிறோம், பந்தை எண்ணுவதில்லை.

கூட்டம் என்றாலே மந்தை என்பவர்களுக்கும் வேறொரு விளையாட்டில் மறுப்பு இருக்கிறது. 1906-ல் இங்கிலாந்தின் பிளிமத் நகரில் நடந்த ஒரு கால்நடைக் கண்காட்சியில் ஒரு காளையின் எடையை ஊகிக்கும் போட்டி வைத்தார்கள். பிரான்சிஸ் கால்டன் என்ற அறிஞர் பிறகு அந்தச் சீட்டுகளை வாங்கிப் படித்தார். படிக்க முடிந்தவை 787. எல்லா ஊகங்களையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வந்த எண் 1,207 பவுண்டு. உண்மை எடை 1,198. ஒரு சதவீதம்கூடப் பிழை இல்லை! இந்தக் கூட்டம் இவ்வளவு சரியாகச் சொன்னதற்கு முக்கியக் காரணம், ஒவ்வொருவரும் தன் ஊகத்தைத் தனியாகச் சீட்டில் எழுதிப் போட்டதுதான். ஒருவர் பிழை மேலே போனால் இன்னொருவர் பிழை கீழே போய் ஒன்றையொன்று சமன்செய்துகொண்டன. எல்லாரும் முதல் ஆளின் சீட்டைப் பார்த்து எழுதியிருந்தால், அந்தச் சமநிலை கெட்டிருக்கும்.

ஆகவே கூட்டத்தின் கருத்துக்கு மதிப்பு உண்டா என்ற கேள்விக்குப் பொதுப் பதில் கிடையாது. தனித்தனியே பார்த்துச் சொன்ன கூட்டமா, பிறரைப் பார்த்து எழுதிய கூட்டமா என்பதைப் பொறுத்தது.

தெரிந்தே ஒத்துப்போவது

பிறர் கருத்து நமக்குள் நுழைய இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்றை இப்போது பார்த்தோம்: “அவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது” என்ற எண்ணம். உளவியலில் இது தகவல் செல்வாக்கு. மற்றது ஏற்புச் செல்வாக்கு: விஷயம் நமக்குத் தெரியும், ஆனாலும் கூட்டத்திலிருந்து பிரிந்து நிற்கப் பயம். 1955-ல் மார்ட்டன் டாய்ச், ஹெரால்ட் ஜெரார்ட் என்ற இருவர் இந்த வேறுபாட்டைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள்.

இரண்டாவது வாசலுக்கு 1950-களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் செய்த சோதனையை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். ஒரு கோடு, பக்கத்தில் மூன்று கோடுகள். எது முதல் கோட்டின் நீளம் என்று சொல்ல வேண்டும். சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் ஆய்வாளரின் ஆட்கள். 18 சுற்றில் 12 சுற்றுகளில் அவர்கள் ஒன்றுசேர்ந்து வேண்டுமென்றே தவறான பதில் சொல்வார்கள். தனியாகக் கேட்டால் நூற்றுக்கு ஒன்றுகூடத் தவறாக வராத அந்தப் பதில், இந்த அறையில் நூற்றுக்கு ஏறக்குறைய 37 தடவை தவறாக வந்தது.

“மனிதர்கள் கூட்டத்துக்குப் பணிந்துவிடுவார்கள்” என்று இதைச் சுருக்கிச் சொல்கிறார்கள். மறுபாதியையும் சொல்ல வேண்டும். பதில்களில் பெரும்பான்மை சரியானவைதான். நாலில் ஒருவர் ஒரு தடவைகூட அசையவில்லை. எனக்கு மிகவும் பிடித்த தகவல் இன்னொன்று: அறையில் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னால் போதும், தவறு நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. கூட்டத்தை எதிர்க்க இன்னொரு கூட்டம் தேவைப்படவில்லை, ஒரு துணை போதுமாக இருந்தது.

இந்த வாசல் வழியாக ஒரு விநோதமான நிலையும் உருவாகும். பாடம் முடிந்து ஆசிரியர், “யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா?” என்று கேட்கிறார். வகுப்பில் ஒருவருக்கும் புரியவில்லை. ஆனால் ஒருவரும் கை தூக்குவதில்லை. ஒவ்வொருவரும் மற்றவர் அமைதியைப் பார்த்து, “எல்லாருக்கும் புரிந்துவிட்டது, எனக்குத்தான் புரியவில்லை” என்று நினைத்துக்கொள்கிறார்கள். ரசனையில் இது அன்றாடம் நடக்கிறது. அனைவரும் போற்றும் ஒரு நூலை வாசித்து, உள்ளுக்குள் எதுவும் அசையாமல், “அற்புதம்” என்று சொல்கிறவர்களில் எத்தனை பேர் பக்கத்தில் இருப்பவரின் “அற்புதம்” கேட்டுத் தயங்கியவர்கள் என்று யாருக்கும் தெரியாது. ஒருவர் கை தூக்கியதும் நாலா பக்கமும் கைகள் எழுவதைப் பார்த்திருப்பீர்கள்.

பழகப் பழக

“அப்படியானால் பிறர் கலப்பே இல்லாத, சுத்தமான என் ரசனை என்று உள்ளே ஒன்று இருக்கிறதா?” என்று கேட்கலாம். இல்லை. இதைச் சொல்ல எனக்கு வருத்தம் கிடையாது.

1968-ல் ராபர்ட் ஸையன்ஸ் என்ற உளவியலாளர் ஒரு எளிய விஷயத்தைக் காட்டினார். பொருளற்ற சொற்கள், புரியாத எழுத்துகள், முகப்படங்கள் என எதைத் திரும்பத் திரும்பக் காட்டினாலும், அடிக்கடி கண்ணில் பட்டவற்றின் மேல் மக்களுக்குக் கூடுதல் விருப்பம் வருகிறது. பரிச்சய விளைவு என்று வைத்துக்கொள்வோம். விளம்பரம் இதன்மேல்தான் வாழ்கிறது. மோனா லிசா ஓவியம் 1911 ஆகஸ்ட் மாதம் லூவர் அருங்காட்சியகத்திலிருந்து திருடப்பட்டது. ஓவியம் இருந்த வெற்றுச் சுவரைப் பார்க்கவே கூட்டம் வந்தது. 1913-ல் ஓவியம் கிடைக்கும்வரை உலகப் பத்திரிகைகளில் அந்த முகம் வந்துகொண்டே இருந்தது. கலை அறிந்தவர்கள் முன்பே போற்றிய படம்தான். ஆனால் உலகில் எல்லாருக்கும் தெரிந்த முகமாக அது மாறியதில் அந்தத் திருட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் கட்டிங் என்ற பேராசிரியர் இதை வகுப்பறையிலேயே சோதித்தார். மாணவர்கள் இயல்பாகப் புகழ்பெற்ற இம்ப்ரெஷனிச ஓவியங்களையே (19-ம் நூற்றாண்டில் பிரான்சில் எழுந்த ஓர் ஓவியப் பாணி) விரும்பினார்கள். அவர் ஒரு பருவம் முழுக்க, அதிகம் அறியப்படாத ஓவியங்களைப் பாடங்களுக்கு நடுவே விளக்கம் இல்லாமல் கூடுதல் முறை காட்டிக்கொண்டே வந்தார். பருவ முடிவில் புகழ்பெற்றவற்றுக்கு இருந்த அந்த முன்னுரிமை காணாமல் போயிருந்தது.

இதை மட்டும் படித்தால் ரசனை என்பதே பழக்கம்தான் என்று தோன்றும். ஆனால் பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்ற பழமொழியும் நம்மிடம் இருக்கிறது. 2013-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், மலிவான அழகுணர்ச்சி கொண்டவர் என்று விமர்சகர்கள் சொல்லும் தாமஸ் கிங்கேட் என்பவரின் ஓவியங்களைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். பார்க்கப் பார்க்க விருப்பம் குறைந்தது. ஜான் எவரெட் மில்லே என்ற 19-ம் நூற்றாண்டு ஓவியரின் படங்களுக்கு அந்தச் சரிவு வரவில்லை.

பரிச்சயம் கதவைத் திறந்துவிடும், உள்ளே வந்தது தாங்குமா என்பதை அது முடிவு செய்வதில்லை. சில படைப்புகள் பத்தாவது முறையிலும் புதிதாக ஒன்றைத் தரும், சில மூன்றாவது முறையிலேயே வறண்டுவிடும். யாருக்கு எது வறள்கிறது, எது ஊறுகிறது என்பதில்தான் ஒருவரின் ரசனை வெளிப்படுகிறது என்று நான் நினைக்கிறேன். அது பிறவிச் சொத்தும் இல்லை, முழுக்கக் கடன் வாங்கியதும் இல்லை. பார்த்துப் பார்த்து, கேட்டுக் கேட்டு உருவாவது. அதனால்தான் அதை வளர்க்கவும் முடிகிறது.

இவ்வளவும் சேர்த்துப் பார்த்தால் மூன்று வழிகள்: பிறருக்குத் தெரிந்திருக்கும் என்ற கணக்கு, பிரிந்து நிற்கப் பயம், அடிக்கடி கண்ணில் பட்ட பழக்கம். “எனக்குப் பிடித்திருக்கிறது” என்று நினைக்கும்போது இவற்றில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் கடினம்.

எதிர்ப்பதும் பின்தொடர்வதே

ஊருக்குப் பிடித்ததால் எனக்குப் பிடிக்காது என்பவரை இங்கே வைத்துப் பாருங்கள். அவர் முடிவு செய்யவும் முதலில் ஊரைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஊர் கிழக்கே போனால் இவர் மேற்கே போகிறார். திசைகாட்டி அதே ஊர்தான், முள்ளைத்தான் திருப்பி வைத்திருக்கிறார். எல்லாருக்கும் பிடித்த ஒன்று தனக்கும் பிடித்திருந்தால் அதைக் கூச்சமில்லாமல் சொல்ல முடிகிறவரே விடுதலை பெற்றவர். கோடிப் பேர் முணுமுணுக்கும் மெட்டு என்பதற்காக அதை மறைத்துக் கேட்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிற காட்சி.

எங்கே இது செல்லாது

பாலம் தாங்குமா, மருந்து வேலை செய்யுமா, ஓர் எண் சரியா தவறா என்பவை ரசனையின் எல்லைக்குள் வராது. அங்கே “எனக்கு அப்படித் தோன்றவில்லை” என்பதற்கு எடை இல்லை. ஒரு பொருளைப் பிடிக்கிறதா என்பதில் உங்களைவிட உங்களுக்கு அருகில் இருக்கும் சாட்சி வேறு யாருமில்லை. ஒரு செய்தி உண்மையா என்பதில் உங்களைவிட அருகில் இருக்கும் சாட்சிகள் ஏராளம். இந்த எல்லையைத் தாண்டினால், ரசனைக்கு உரிய துணிச்சல் வெறும் பிடிவாதமாகிவிடும்.

வரிசையை மாற்றிப் பார்ப்பது

காதைப் பொத்திக்கொண்டு வாழச் சொல்லவில்லை. பிறர் கருத்து தேவை. எது முதலில், எது பிறகு என்ற வரிசையை மட்டும் மாற்ற வேண்டும்: முதலில் உங்கள் பந்தைப் பாருங்கள், பிறகு மற்றவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

இதை நான் ஒரு சிறு நோட்டில் செய்கிறேன். ஒரு படம் பார்த்தாலோ, புத்தகம் முடித்தாலோ, பாட்டுக் கச்சேரி கேட்டாலோ, யாரிடமும் பேசுவதற்கு முன், மதிப்பெண்ணோ விமர்சனமோ பார்ப்பதற்கு முன், தேதி போட்டு ஒரே ஒரு வரி எழுதுவேன். “இரண்டாம் பாதியில் தூக்கம் வந்தது.” “அந்தக் கிழவர் கதவைச் சாத்தும் இடத்தில் மூச்சு நின்றது.” மெய்ப்பாட்டை மட்டும் எழுதுவேன், காரணம் எழுத மாட்டேன்.

காரணம் எழுதாததற்கும் காரணம் இருக்கிறது. 1993-ல் திமோத்தி வில்சனும் சகாக்களும் மாணவர்களிடம் சில சுவரொட்டிப் படங்களைக் காட்டி, பிடித்ததை எடுத்துப்போகச் சொன்னார்கள். மோனே, வான் கோ போன்றோரின் ஓவியங்களும், வேடிக்கைப் படங்களும் இருந்தன. ஒரு பிரிவினர் மட்டும் ஏன் பிடிக்கிறது, ஏன் பிடிக்கவில்லை என்று முதலில் எழுத வேண்டும். எழுதியவர்கள் வேடிக்கைப் படங்களைக் கூடுதலாகத் தேர்ந்தார்கள். சில வாரம் கழித்துக் கேட்டபோது, காரணம் எழுதாமல் எடுத்தவர்களைவிட அவர்களுக்குத் திருப்தி குறைவாக இருந்தது. சொல்ல எளிதான காரணங்கள் கைக்கு வந்துவிடுகின்றன, சொல்ல முடியாத உண்மைக் காரணம் பின்னால் தள்ளப்படுகிறது. அதனால் “ஏன் பிடித்தது?” என்று யாராவது மடக்கினால், “தெரியவில்லை, பிடித்தது” என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. காரணம் மெல்லக் கிடைக்கட்டும்.

அந்த ஒரு வரியை எழுதியபின் விமர்சனங்களைத் தேடிப் படியுங்கள். நல்ல விமர்சகர் எதை உணர வேண்டும் என்று சொல்வதில்லை, எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டுகிறார். நாம் தவறவிட்ட ஒளியமைப்பை, ஒரு சொல்லின் இரண்டாம் பொருளை, ஓர் இடத்தில் தாளம் மாறியதைச் சுட்டுகிறார். திரும்பப் போய்ப் பார்த்தால் நம் கண்ணுக்கே அது தெரியும். அப்படி மாறிய ரசனை நம்முடையதுதான். அவர் சொன்னார் என்பதற்காக மட்டும் மாற்றிச் சொல்வது வேறு.

ஆஷின் அறையில் இருந்த அந்த ஒரு துணையும் வேண்டும். உங்களோடு எப்போதும் ஒத்துப்போகிறவர் தேவையில்லை. தன் கையில் வந்தது நீலம் என்றால் நீலம் என்று சொல்லிவிடுகிற ஒருவர் போதும். அவருக்குப் பிடிப்பது உங்களுக்கு எப்போதும் பிடிக்காது என்று ஆனால்கூட, அவர் சொல் உங்களுக்குப் பயன்படும், ஏனென்றால் அது உண்மையில் பார்த்த பந்து.

சில வருடம் கழித்து அந்த நோட்டைப் புரட்டினால், ஒரு காலத்தில் தூக்கம் வரவைத்த புத்தகம் இன்று உயிராகியிருக்கலாம். மூச்சை நிறுத்திய காட்சி இன்று மலிவாகத் தோன்றலாம். பழைய வரியை அடித்துவிட வேண்டாம். அன்று அந்தப் பந்து அந்த நிறத்தில்தான் இருந்தது. அதற்குக் கீழே இன்றைய தேதியைப் போட்டு, இன்றைய வரியை எழுதுங்கள்.